பிரைவேட் லிமிடெட் ஆன தையல் யூனிட்: என்னென்ன கணக்கு வைக்க வேண்டும்?

கேள்வி: ஐயா, திருப்பூர் பக்கம் 16 மெஷின் போட்டு எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தையல் ஜாப் ஒர்க் செய்கிறேன். 14 பேர் வேலை பார்க்கிறார்கள். பல வருடங்கள் சொந்தப் பெயரில் நடத்தினேன். பெரிய ஆர்டர் தருகிற பார்ட்டி கம்பெனியாக மாற்றச் சொன்னதால், போன ஆகஸ்டில் நானும் மனைவியும் இயக்குநர்களாகப் பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்தோம். மார்ச்சோடு முதல் வருடம் முடிந்தது. டர்ன்ஓவர் 60 லட்சம் இருக்கும், கொஞ்சம் நஷ்டம். மெஷின்கள் பழைய பெயரில் வாங்கியவை. என் சேமிப்பிலிருந்து 6 லட்சம் கம்பெனி கணக்குக்கு மாற்றினேன். நண்பர் 3 லட்சம் ரொக்கமாகத் தந்தார். பெண்ணின் காலேஜ் ஃபீஸ், வீட்டு வாடகை என்று கம்பெனி அக்கவுண்டிலிருந்து 2.40 லட்சம் எடுத்திருக்கிறேன். எங்களுக்கு ஜிஎஸ்டி போடுகிற ஆடிட்டர், ஒரு கோடி தாண்டினால்தான் ஆடிட் என்கிறார். வரவு செலவை நோட்டில் எழுதி வருகிறேன். அது போதாதா? மனைவி பி.காம். படித்தவர். அவரே கணக்கு எழுதலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதிலும் உங்களுக்கு உதவுகிற மாதிரி சொல்ல முடிகிறது. நோட்டு மட்டும் போதாது. ஆனால் சரிசெய்ய முடியாத நிலையிலும் நீங்கள் இல்லை. ஜூன் 30-க்குள் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரு கோடி விஷயம். உங்களிடம் அப்படிச் சொன்னவர் வருமான வரிச் சட்டத்தின் ஆடிட்டை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அந்த ஆடிட்டுக்கு டர்ன்ஓவர் வரம்பு உண்டு. கம்பெனிச் சட்டத்தின் ஆடிட்டுக்கு வரம்பே கிடையாது. 60 லட்சமோ 6 ஆயிரமோ, ஒரு பில்கூடப் போடாத கம்பெனியோ, 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு வருடமும் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தணிக்கை செய்தே ஆக வேண்டும். நஷ்டமானாலும் அப்படித்தான். உண்மையில் நஷ்டம் வந்த வருடத்தில்தான் ரிட்டர்னைத் தேதி தவறாமல் போட வேண்டும். அப்போதுதான் அந்த நஷ்டத்தை அடுத்த 8 வருட லாபத்தில் கழித்துக்கொள்ள முடியும்.

நம் ஊரில் ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் எல்லோரையும் ஆடிட்டர் என்று கூப்பிடுகிறோம். உங்கள் கம்பெனிக்கு முறைப்படி நியமிக்கப்பட்ட தணிக்கையாளர் இருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள். கம்பெனி பதிவான 30 நாளுக்குள் போர்டு (இயக்குநர் குழு) ஒருவரை நியமித்திருக்க வேண்டும். தவறியிருந்தால் 90 நாளுக்குள் பங்குதாரர்கள் கூட்டம் போட்டு நியமிக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் உடனே ஒரு சி.ஏ.வைப் பார்த்து, தாமதத்தோடு நியமித்து, தீர்மானத்தை எழுதி வையுங்கள். பழைய தேதி போட்டு எழுத வேண்டாம். தணிக்கையாளர் உங்கள் கணக்கை எழுதித் தரவும் கூடாது, சட்டத்தில் தடை இருக்கிறது. எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவர்.

சொந்தப் பெயரில் தொழில் நடத்தியபோது டர்ன்ஓவரில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி ரிட்டர்ன் போட்டிருப்பீர்கள். அதற்குக் கணக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நோட்டு போதும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த வசதி தனிநபருக்கும் பார்ட்னர்ஷிப் (கூட்டாண்மை) நிறுவனத்துக்கும் உண்டு, கம்பெனிக்குக் கிடையாது. இப்போது சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒருவர், கம்பெனி வேறொருவர். அதற்குத் தனி பான், தனி ஜிஎஸ்டி எண், தனி வங்கிக் கணக்கு. நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

நீங்கள் போட்ட 6 லட்சத்தையே பாருங்கள். அது கம்பெனியின் வருமானம் அல்ல. பங்கு ஒதுக்காததால் மூலதனமும் அல்ல. கம்பெனி உங்களிடம் வாங்கிய கடன். இயக்குநரிடம் பிரைவேட் கம்பெனி கடன் வாங்கலாம். ஆனால் ‘இது நான் வேறு யாரிடமும் கடன் வாங்கித் தந்த பணமல்ல’ என்று எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும். சேமிப்பிலிருந்து வங்கி வழியாக மாற்றியதால் உங்களுக்கு அதில் சிக்கல் இல்லை. பணம் கொடுக்கும்போதே எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டிய காகிதம் அது. விடுபட்டிருந்தால் இன்றைய தேதியிட்டு, எந்தத் தேதியில் கொடுத்த பணம் என்பதைக் குறிப்பிட்டு, எழுதி ஃபைலில் வையுங்கள். மார்ச் 31 அன்று இந்தக் கடனில் எவ்வளவு நிலுவை இருந்தது என்பதை டிபிடி-3 படிவத்தில் காட்ட வேண்டும். அதற்குத்தான் ஜூன் 30 கெடு. இயக்குநர் கடன் டெபாசிட் கணக்கில் வராதே, எதற்கு இந்தப் படிவம் என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். டெபாசிட்டாகக் கருதப்படாத பணத்தையும் அதில் காட்ட வேண்டும் என்பதுதான் விதி.

இனி நீங்கள் எடுத்த 2.40 லட்சம். கம்பெனிப் பணத்தில் காலேஜ் ஃபீஸ் கட்டியதை ‘பொதுச் செலவு’ என்று எழுதினால் அது தவறான கணக்கு. உங்கள் விஷயத்தில் அதற்கு அவசியமே இல்லை. பேரேட்டில் உங்கள் பெயரில் ஒரு பக்கம் திறந்து, 6 லட்சத்தை வரவு வைக்கச் சொல்லுங்கள். எடுத்த ஒவ்வொரு தொகையையும் எடுத்த தேதியில் பற்று எழுதுங்கள். கம்பெனி உங்களுக்குத் தர வேண்டியது 3.60 லட்சமாகக் குறையும், அவ்வளவுதான். கொடுத்த கடனைத் திரும்ப வாங்கியிருக்கிறீர்கள், அதற்கு வரி இல்லை. ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள்: எந்தத் தேதியிலும் நீங்கள் போட்டதைவிட எடுத்தது அதிகமாகிவிடக் கூடாது. அதிகமானால் கம்பெனி இயக்குநருக்குக் கடன் கொடுத்ததாக ஆகும். கம்பெனிச் சட்டம் அதற்குக் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. பின்னாளில் கம்பெனியில் லாபம் சேர்ந்த பிறகு அப்படி எடுத்தால், வருமான வரியில் அதை டிவிடெண்டாகவே கருதி உங்கள் கையில் வரி போடுவார்கள். அதனால் இனிமேல் மாதச் சம்பளம் என்று ஒரு தொகையைப் போர்டு தீர்மானத்தில் முடிவு செய்து, உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபீஸும் வாடகையும் அங்கிருந்து போகட்டும்.

நண்பரின் 3 லட்சம்தான் எனக்குக் கவலை தருகிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட இடமிருக்கிறது. தவிர, இயக்குநரோ அவரது உறவினரோ பங்குதாரரோ அல்லாத தனிநபரிடம் பிரைவேட் கம்பெனி பணம் வாங்கினால் அது டெபாசிட் ஆகிவிடும். அதற்கும் அனுமதி இல்லை. யாராவது ‘உங்கள் பெயரில் எழுதிவிடலாம், அல்லது 19,000 வீதம் பிரித்து எழுதலாம்’ என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். உங்கள் பெயரில் எழுதினால் நீங்கள் தருகிற உறுதிமொழி பொய்யாகும். பிரித்து எழுதினாலும் தப்பிக்க முடியாது, ஏற்கெனவே நிலுவையில் உள்ள தொகையையும் சேர்த்துத்தான் 20,000 பார்ப்பார்கள். வந்த தேதியில் வந்தபடியே கணக்கில் எழுதுங்கள். கூடிய சீக்கிரம் வங்கி மூலமாக நண்பருக்குத் திருப்பிக் கொடுங்கள். திருப்பித் தருவதும் ரொக்கமாக இருக்கக் கூடாது. அந்தப் பணம் எதற்கு, என்ன அவசரத்தில் வாங்கப்பட்டது, அதே வாரம் எங்கே செலவானது என்பதற்கான ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். நியாயமான காரணம் இருந்ததாக நிரூபித்தால் அபராதத்தைத் தவிர்க்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அவர் உண்மையிலேயே தொழிலில் பங்குபெற விரும்பினால், அப்புறம் புதிதாக வங்கி வழியாகப் பணம் வாங்கி, முறைப்படி பங்கு ஒதுக்கலாம்.

அடுத்து தினசரிக் கணக்கு. நோட்டில் எழுதுகிற பழக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்றன்றைக்கு எழுதுகிறீர்களே, அது பெரிய விஷயம். நோட்டில் விட்டுப்போவது எது என்பதுதான் பிரச்சினை. ஒரே ஒரு பில்லை வைத்துப் பார்ப்போம். மார்ச் 28-ஆம் தேதி ஒரு பார்ட்டிக்கு 1,00,000 ரூபாய் தையல் கூலிக்குப் பில் போடுகிறீர்கள். ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 1,05,000. பார்ட்டி 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்து அரசுக்குக் கட்டுகிற வருமான வரி) 2,000 பிடிக்கிறார். பீஸ் குறைந்தது என்று 3,000-மும் அதற்கான வரி 150-ம் கழிக்கிறார். மே மாதம் உங்கள் கணக்குக்கு 99,850 வருகிறது. நோட்டில் என்ன எழுதுவீர்கள்? மே மாதத்தில் ‘வரவு 99,850’ என்று எழுதுவீர்கள்.

இதில் எத்தனை விஷயம் தொலைந்துபோகிறது பாருங்கள். கம்பெனி, பணம் வந்த தேதியில் அல்ல, வருமானம் உரிமையான தேதியில் கணக்கு எழுத வேண்டும் என்பது சட்டம். அதனால் இந்த ஒரு லட்சம் மார்ச் வருமானம், போன வருடக் கணக்கில் வர வேண்டியது. 5,000 உங்களுடையதே அல்ல, அரசுக்குக் கட்ட வேண்டியது. 2,000 தொலைந்த பணம் அல்ல, உங்கள் பெயரில் அரசிடம் இருக்கிற பணம். நஷ்ட வருடம் என்பதால் ரீஃபண்டாகவே திரும்பி வரும். அந்த 3,000-க்கு நீங்கள் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கிற சீட்டு) போட்டு ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டினால்தான் 150 ரூபாய் வரி குறையும். காட்டாவிட்டால் வாங்காத கூலிக்கும் வரி கட்டுகிறீர்கள். பார்ட்டி தன் டிடிஎஸ் ரிட்டர்னில் ஒரு லட்சம் என்று காட்டியிருப்பார், உங்கள் ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-இலும் ஒரு லட்சம் இருக்கும், உங்கள் கணக்கு மட்டும் வேறு தொகை சொன்னால் நோட்டீஸ் வருகிற இடம் அதுதான். இரட்டைப் பதிவு என்று சட்டம் கேட்பது இதற்காகத்தான். ஒவ்வொரு ரூபாயும் யாரிடமிருந்து, எதற்காக என்று இரண்டு பக்கமும் தெரிய வேண்டும்.

அதேபோல மார்ச் கடைசி வாரக் கூலியை ஏப்ரல் முதல் சனிக்கிழமை கொடுத்திருந்தாலும் அது மார்ச் செலவு. ஏப்ரலில் கட்டிய ஈபி பில்லில் மார்ச் வரை ஓடிய யூனிட்டும் போன வருடத்துக்குத்தான்.

பார்ட்டி அனுப்பி உங்கள் குடோனில் கிடக்கிற கட் பீஸ் உங்கள் சரக்கு அல்ல, ஸ்டாக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் டெலிவரி சலான் வாரியாக எத்தனை பீஸ் வந்தது, எத்தனை போனது என்ற ரிஜிஸ்டர் கட்டாயம் வேண்டும். பீஸ் குறைந்தது என்று கழிக்கிற பார்ட்டியிடம் பேச உங்களிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அந்த ரிஜிஸ்டர்தான்.

மெஷின்கள் இன்னும் உங்கள் சொந்தச் சொத்தாகவே இருக்கின்றன. கம்பெனி வாங்காத மெஷினுக்குக் கம்பெனி தேய்மானம் எழுத முடியாது. பழைய தொழிலை மொத்தமாகக் கம்பெனிக்கு மாற்றுகிறீர்களா, மெஷினை மட்டும் விற்கிறீர்களா, வாடகைக்குத் தருகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். மூன்றுக்கும் ஜிஎஸ்டி வேறு வேறாக வரும். எதுவானாலும் போர்டு தீர்மானமும் எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். இன்னொன்று, நூல் கோன், ஊசி, பாபின் வாங்குகிற கடைக்காரர் பழைய ஜிஎஸ்டி எண்ணிலேயே பில் போட்டுக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படியானால் அந்த வரியைக் கம்பெனி எடுக்க முடியாது. மாதா மாதம் ஜிஎஸ்டிஆர்-2பியை (கடைக்காரர்கள் உங்கள் எண்ணில் காட்டிய பில்களின் பட்டியல்) இறக்கிக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டால் இது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வருகிறேன். ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், அல்லது வங்கியில் போடுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரியில் ஏற்க மாட்டார்கள். வாரக் கூலி அந்த வரம்புக்குள்தான் இருக்கும். ஆர்டர் நெருக்கடியில் தையலை எடுத்துச் செய்கிற பவர் டேபிள் காண்ட்ராக்டருக்கு மொத்தமாக 40,000 ரொக்கம் கொடுக்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். அவருக்கு வங்கியில் கொடுங்கள். ஒரே பில் 30,000 தாண்டினாலோ, வருடத்தில் மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ, தனிநபர் என்றால் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து, அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சொந்தப் பெயரில் நடத்தியபோது டர்ன்ஓவர் குறைவு என்பதால் உங்களுக்கு இந்தக் கடமை இல்லாமல் இருந்திருக்கும். கம்பெனிக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதத்தை ஏற்க மாட்டார்கள், வட்டியும் உண்டு. டிடிஎஸ் கட்ட டான் எண் வேண்டும், கம்பெனி பதிவானபோதே பான் எண்ணோடு வந்திருக்கும், பாருங்கள். 14 பேர் என்பதால் இஎஸ்ஐ உங்களுக்குப் பொருந்தும். பிஎஃப் 20 பேரிலிருந்து. காண்ட்ராக்டர் ஆட்களையும் எண்ணிக்கையில் சேர்ப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ரொக்க ஏட்டில் ஒரு சோதனை சொல்கிறேன். எந்தத் தேதியிலும் கை இருப்பு மைனஸில் போகக் கூடாது. பெட்டியில் இல்லாத பணத்தைக் கொடுத்ததாகக் கணக்கு சொன்னால், கணக்கில் வராத பணம் எங்கிருந்தோ வந்திருக்கிறது என்றுதான் அதிகாரி நினைப்பார். பெரும்பாலும் வங்கியிலிருந்து எடுத்ததை எழுத மறந்ததுதான் காரணமாக இருக்கும். வாரம் ஒருமுறை பெட்டியில் இருக்கிற பணத்தை எண்ணி ஏட்டோடு ஒப்பிட்டால் அன்றே பிடிபடும்.

எதில் எழுதுவது? தைத்த பேரேட்டில் கையால் எழுதினாலும் சட்டம் ஏற்கும். டேலி மாதிரி மென்பொருள் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல், எந்தப் பதிவை யார் எப்போது மாற்றினார்கள் என்ற தடம் அழியாமல் நிற்கிற வகையாக இருக்க வேண்டும். அந்த வசதி வருடம் முழுக்க ஓடியதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். எக்செல்லில் கணக்கு வைப்பதை நான் ஏற்பதில்லை, அதில் அந்தத் தடம் நிற்காது. மென்பொருளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும்.

கணக்கும் பில்களும் பதிவு அலுவலகத்தில் இருக்க வேண்டும். வெளியில் கணக்கு எழுதுகிறவரிடம்தான் எல்லாம் இருக்கிறது என்றால் போர்டு தீர்மானம் போட்டு, 7 நாளுக்குள் ஏஓசி-5 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். 8 வருடம் பாதுகாக்க வேண்டும். பெட்ரோல் பங்க் பில், கூரியர் பில் எல்லாம் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும் காகிதம். வந்த வாரமே நகல் எடுத்துப் பின் அடித்துவிடுங்கள். சரியாகக் கணக்கு வைக்காவிட்டால் பொறுப்பான இயக்குநருக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும். கம்பெனி தொடங்கிய 180 நாளுக்குள், பங்குப் பணத்தை நீங்கள் இருவரும் கம்பெனி வங்கிக் கணக்கில் செலுத்தி, ஐஎன்சி-20ஏ படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். அது இல்லாமல் கம்பெனி தொழில் தொடங்கவும் கூடாது, கடன் வாங்கவும் கூடாது. பதிவு செய்து கொடுத்தவர் சான்றிதழோடு போய்விட, இது விடுபட்ட கம்பெனிகளைத் தொடர்ந்து பார்க்கிறேன். விடுபட்டிருந்தால் கூடுதல் கட்டணத்தோடு உடனே தாக்கல் செய்யுங்கள்.

முதல் வருடம் என்பதால் பொதுக்குழுவுக்கு (பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டம்) டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது. அடுத்த வருடம் முதல் செப்டம்பர் 30. கம்பெனியின் வருமான வரி ரிட்டர்னுக்கு அக்டோபர் 31 கெடு என்பதால் ஆடிட்டை அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். பொதுக்குழு நடந்து 30 நாளுக்குள் ஆண்டுக் கணக்குக்கான ஏஓசி-4, 60 நாளுக்குள் ஆண்டு ரிட்டர்னான எம்ஜிடி-7ஏ படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்ச வரம்பே இல்லை. இரண்டையும் ஒரு வருடம் மறந்தால் 73,000. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் நீங்கள் இருவரும் 5 வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக முடியாது. 2017-இல் நாடு முழுவதும் லட்சக்கணக்கான இயக்குநர்கள் இப்படித் தகுதி இழந்தார்கள். நீங்கள் சிறு நிறுவனம் என்பதால் சில சலுகைகளும் உண்டு. போர்டு கூட்டம் வருடத்துக்கு இரண்டு போதும், ஆறு மாதத்துக்கு ஒன்று, இடையில் 90 நாளாவது வேண்டும். மினிட்ஸ் புத்தகத்தை அன்றே எழுதிவிடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் நிற்கிற இடமும் ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயரில் உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்து அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்து அந்த வருடத்துக்குள்ளும் தராவிட்டால், பார்ட்டிக்கு அந்தச் செலவு பணம் கொடுத்த வருடத்தில்தான் கிடைக்கும். மார்ச் மாதத்தில் நிலுவையைக் கேட்கும்போது இது நன்றாகவே வேலை செய்கிறது.

மனைவி எழுதலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக எழுதலாம். இயக்குநராக இருப்பது அதற்குத் தடையே இல்லை. பி.காம். படித்தவருக்குப் பற்று வரவு சொல்லித் தரத் தேவையில்லை, உங்கள் தொழிலில் எந்தக் காகிதம் எங்கே வருகிறது என்பதை மட்டும் நீங்கள் சொல்லித் தந்தால் போதும். முதலில் ஆகஸ்டிலிருந்து மார்ச் வரையிலான வங்கி ஸ்டேட்மென்டை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பென்சிலில் குறிக்கட்டும். பில் இல்லாத வரிகளை வட்டமிடுங்கள். அந்தத் தாள்களையும் நண்பரின் 3 லட்சம் பற்றிய விவரத்தையும் எடுத்துக்கொண்டு தணிக்கையாளரைப் பாருங்கள். டிபிடி-3-க்கு வேண்டிய தொகை அதிலிருந்தே கிடைத்துவிடும்.